ஏழைகளின் வக்கீல் சிதம்பரம் பிள்ளை



பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தை அறியாதவர் நம்மில் இல்லை. தூத்துக்குடித் துறைமுகமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கப்பலோட்டினார், செக்கிழுத்தார் என்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். ஆனால் கப்பலுக்கு முன்னும் செக்குக்குப் பின்னும் அவர் ஒரு வக்கீலாக வாழ்ந்தார் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. பெரிய சமஸ்தானங்களுக்கும் ஜமீன்களுக்கும் வாதாடிப் பொருள் சேர்த்த வக்கீல் அல்லர் அவர். கிரிமினல் வழக்கில் அகப்பட்டுக்கொண்டு, பேச வாயில்லாமல் நின்ற ஏழைகளுக்காகத் தாலுகாக் கச்சேரியிலே எழுந்து நின்ற வக்கீல்.

இந்த வாரம் அவருடைய வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாலையில் ஒரு போலீஸ்காரர் தெருவிலே வந்து நின்று, மகனுடைய பெயரைக் கேட்கிறார். ஒரு சம்மனைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தாய் அதை வாங்கி, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டார்களோ என்பதே அவளுடைய முதற் கவலை. மகளுக்கு வரன் பேசுகிற சமயம். திருவிழாவில் நடந்த கைகலப்புத்தானே, இரண்டு குடும்பமும் பேசி முடித்தாகிவிட்டதே, இனி என்ன என்று தகப்பன் சமாதானம் சொல்லிக்கொள்கிறார். வாய்தா நாள் வருகிறது, போகிறது. யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. சில மாதம் கழித்து அதே தெருவுக்கு வாரண்டு வருகிறது. இப்படிப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. அவர்களுக்காகவே சிதம்பரம் பிள்ளையின் கதை.

ஒட்டப்பிடாரத்து வக்கீல்

1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், அன்றைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் உலகநாத பிள்ளையும் வக்கீலே. பையன் படித்த பள்ளிக்கூடங்களில் ஒன்று தூத்துக்குடி தூய சவேரியார் பள்ளி. பிறகு கால்டுவெல் பள்ளியிலும், திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியிலும் படித்தார். கொஞ்ச காலம் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தா வேலை பார்த்தார். அதன்பின் தகப்பனார் அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பிச் சட்டம் படிக்கவைத்தார். பிளீடர் பரீட்சையில் தேறி, 1895 வாக்கில் சொந்த ஊரிலேயே வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

அந்தக் காலத்துத் தாலுகாக் கச்சேரியை மனக்கண்ணில் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவன் பெரும்பாலும் எழுத்தறியாதவன். பிராதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. எதிரே போலீஸ், மேலே மாஜிஸ்திரேட். தனக்கென்று பேச ஒருவர் இல்லையென்றால் எல்லாம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். அக்காலத்தில் ஏழைக்கு அரசாங்கச் செலவில் வக்கீல் வைத்துக்கொடுக்கும் சட்டம் இல்லை. இரக்கமுள்ள வக்கீல் ஒருவர் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அப்படி இரக்கமுள்ளவராய் வந்து வாய்த்தவர் சிதம்பரம் பிள்ளை. கிரிமினல் வழக்குகளில் அவருக்குத் தனித் திறமை இருந்தது. ஏழைகளிடம் பணம் வாங்காமல் வாதாடினார். போலீசார் கொண்டுவந்த வழக்குகளைக் குறுக்கு விசாரணையால் கலைத்தார். அதனால் ஏழைகளின் அன்பு எவ்வளவு பெருகிற்றோ, அவ்வளவுக்கு அதிகாரிகளின் பகையும் பெருகியது. மகனுக்கு ஏதாகிலும் தீங்கு வருமோ என்று தகப்பனார் அஞ்சினார். கடைசியில் 1900-ஆம் ஆண்டில் மகனை ஒட்டப்பிடாரத்தை விட்டுத் தூத்துக்குடிக்குப் போய்த் தொழில் செய்யும்படி அனுப்பிவைத்தார்.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். வக்கீல் என்பவர் பொய்யை மெய்யாக்குகிறவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். குற்றம் செய்யாதவனுக்கு வக்கீல் எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. ஒட்டப்பிடாரத்துக் கச்சேரி அதற்குப் பதில் சொல்லும். குற்றமற்றவன் தன் குற்றமின்மையைச் சட்டம் கேட்கிற முறையிலே எடுத்துச் சொல்லத் தெரியாமல் தண்டனை அடைவதுண்டு. குற்றம் செய்தவனும் கூட, செய்த அளவுக்குமேல் தண்டிக்கப்படாதிருக்க உரிமை உடையவன். இந்த இரண்டு காரியத்துக்கும் ஒரு துணை வேண்டும். அந்தத் துணைக்குத்தான் வக்கீல் என்று பெயர்.

கப்பலும் ஆலையும்

தூத்துக்குடியில் அவர் வாழ்க்கை விரிந்தது. 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஏற்படுத்தினார். காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கிப் போட்டி போட்டது. அந்த வரலாறு நீங்கள் அறிந்ததே. நான் விரித்துச் சொல்லவில்லை.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி சொற்பம், வேலை நேரம் நெடியது, வார ஓய்வு இல்லை. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஊர் மக்கள் தொழிலாளர் குடும்பங்களுக்கு உணவு தந்தார்கள். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்து, கூலியை உயர்த்தவும் வார விடுமுறை தரவும் இசைந்தது. கச்சேரியில் தனி மனிதருக்காகப் பேசிய வக்கீல், ஆலை வாசலில் ஒரு கூட்டத்துக்காகப் பேசினார். ஆங்கில அதிகாரிகளுக்கு இது பொறுக்கவில்லை.

ஒரு சிறு வழக்கு

இனி வருவதைக் கூர்ந்து படியுங்கள். சிதம்பரம் பிள்ளையைப் பிடித்தது முதலில் ராஜத்துரோக வழக்கு அல்ல. ஜில்லாக் கலெக்டர் விஞ்சு துரை அவரையும், சிவாவையும், பத்மநாப ஐயங்காரையும் திருநெல்வேலிக்கு வரவழைத்தார். கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 107, 108-ஆம் பிரிவுகளின்படி, அமைதி காப்பதற்கும் நன்னடத்தைக்கும் ஜாமீன் கேட்கும் நடவடிக்கை அவர்கள்மேல் வந்தது. இந்த நூற்றேழு நம் கிராமங்களில் இன்றும் அடிபடுகிற எண். இரண்டு தெருக்காரருக்குள் சச்சரவு என்றால், இரு தரப்புக்கும் நூற்றேழு போட்டுவிட்டார்கள் என்று சொல்வது உங்கள் காதில் விழுந்திருக்கும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதன் எண் 126 என்று மாறிவிட்டது; காரியம் மாறவில்லை. குற்றம் செய்ததற்காகத் தண்டிக்கிற பிரிவு அல்ல இது. இனிமேல் அமைதி குலையாது என்று எழுதி வாங்குகிற பிரிவு. அதனாலேயே நம் ஜனங்கள் அதை அற்பமாக எண்ணுகிறார்கள்.

அரசியலில் இறங்குவதில்லை என்று உறுதி கொடுக்கும்படி கலெக்டர் கேட்டார். சிதம்பரம் பிள்ளை கொடுக்கவில்லை. 1908 மார்ச் 12-ஆம் நாள் அவர்கள் சிறைப்படுத்தப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. நகரசபைக் கட்டடமும், தபால் ஆபீசும், போலீஸ் ஸ்டேஷனும் தீக்கிரையாயின. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள்.

அந்த நால்வரோடு முடியவில்லை துன்பம். கலகத்தில் கலந்துகொண்டார்கள் என்று சாதாரண மனிதர் பலர் பிடிக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார்கள். பலர் சிறை சென்றார்கள். ஊரிலே தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊரார் தலையிலேயே சுமத்தப்பட்டது. தலைவர்களின் பெயர் சரித்திரத்தில் நின்றுவிட்டது. அந்த எளியவர்களை இன்று யாரும் அறியார். அவர்களுக்கும் வீடு இருந்தது. காத்திருந்த மனைவி மக்கள் இருந்தார்கள். தாமிரபரணிப் பாலத்தைக் கடக்கும்போது அவர்களையும் ஒரு கணம் நினைப்பது தகும்.

ஒரு காரியத்தை இங்கே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சிதம்பரம் பிள்ளை உறுதி கொடுக்க மறுத்தது அறியாமையால் அல்ல. அந்தப் பிரிவு இன்னது, மறுத்தால் வருவது இன்னது என்பதையெல்லாம் கரைத்துக் குடித்தவர் அவர். மனச்சாட்சிக்காகக் கண்ணைத் திறந்துகொண்டே அந்த வழியில் நடந்தார். நம்மவர் பலர் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவர், காகிதத்தைப் படியாமலே கையெழுத்துப் போடுகிறார். மற்றொருவர், காகிதத்தைப் பாராமலே ஒளித்துவைக்கிறார். வீரம் வேறு, அறியாமை வேறு. பின்னதற்கு மாலை போடுவார் யாருமில்லை.

நாற்பது ஆண்டும் ஆறு ஆண்டும்

சிறு வழக்கிலிருந்து பெரிய வழக்கு பிறந்தது. மார்ச் மாதம் முடியுமுன் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. திருநெல்வேலியில் கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே துரை விசாரித்தார். தாமே வக்கீலாயிருந்தும் சிதம்பரம் பிள்ளை தனியாக நின்று போராடவில்லை. அவருக்காக வேறு வக்கீல்கள் வாதாடினார்கள். கை தேர்ந்த வைத்தியரும் தமக்கு நோய் வந்தால் இன்னொரு வைத்தியரிடம் நாடி பார்க்கக் கை நீட்டுகிறார் அல்லவா? வழக்கும் அப்படியே. தன் வழக்கைத் தானே பார்க்கிறவனுக்குக் கோபமும் பயமும் கண்ணை மறைக்கும்.

1908 ஜூலை 7-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ராஜத்துரோகத்துக்கு இருபது ஆண்டு. சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு இன்னும் இருபது ஆண்டு. ஆக நாற்பது ஆண்டு தீவாந்தர சிட்சை. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. வீட்டிலே இளம் மனைவி மீனாட்சி அம்மாள், சிறு குழந்தைகள், முதிய பெற்றோர். செய்தியைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது. தண்டனை ஒருவருக்கு விதிக்கப்பட்டாலும் அதை அனுபவித்தது ஒரு குடும்பம் முழுவதும்.

அத்தோடு விதி முடிந்தது என்று அவரைச் சேர்ந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. சென்னை ஹைகோர்ட்டில் அப்பீல் செய்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் ஹைகோர்ட்டார் குற்றத்தை உறுதி செய்தாலும், தண்டனையை ஆறு ஆண்டாகக் குறைத்தார்கள். எண்ணிப் பாருங்கள்: நாற்பது எங்கே, ஆறு எங்கே! அதே மனிதர், அதே பேச்சுக்கள், அதே சட்டம். அப்பீல் என்கிற ஒரு படியை ஏறியதனால் முப்பத்துநான்கு ஆண்டு குறைந்தது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு என்று மனம் உடைந்துபோகிறவர்கள் இந்தக் கணக்கை நெஞ்சில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அப்பீலுக்குச் சட்டம் நாள் கணக்கு வைத்திருக்கிறது. அந்த நாளுக்குள் வக்கீலிடம் போனால்தான் கதவு திறந்திருக்கும்.

சிறையும் சன்னதும்

கோயம்புத்தூர்ச் சிறையிலும், பின்பு கண்ணனூர்ச் சிறையிலும் அவர் காலம் கழிந்தது. கோவையிலே மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். தண்டனைக் குறைப்புப் பெற்று 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. கைப்பொருள் கரைந்துவிட்டது. எல்லாவற்றிலும் கொடிது, அவருடைய வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. சொந்த ஜில்லாவில் போய் வாழவும் அனுமதி இல்லை.

சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மளிகைக் கடை வைத்தார். மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். வியாபாரம் அவருக்கு வாய்க்கவில்லை. பிறகு கோயம்புத்தூருக்குப் போய்ச் சில காலம் வங்கி ஒன்றில் வேலை பார்த்தார். குடும்பம் வறுமையில் உழன்றது. ஒரு காலத்தில் பணம் வாங்காமல் ஏழைக்கு வாதாடியவர், தாமே ஏழையாகி நின்றார். ஒரு கிரிமினல் தீர்ப்பு சிறையோடு முடிவதில்லை, சிறைக்கு வெளியேயும் அது மனிதனைப் பின்தொடருகிறது என்பதை அவர் வாழ்க்கையில் கண்கூடாகப் பார்க்கிறோம்.

இந்த இடத்தில் நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. சிறு வழக்குத்தானே, அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்லுவார்கள். செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு ஐந்நூறோ ஆயிரமோ கட்டினால், அன்றைய தொல்லை தீரும். ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு உங்கள் பெயரோடு நிற்கும். சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போடும்போது அது எதிரே வரும். வழக்கு கோர்ட்டில் நிலுவையிலிருந்தால் பாஸ்போர்ட்டுக்கும் தடை வரலாம். கோர்ட்டு அனுமதி வாங்கவேண்டியிருக்கும். வளைகுடா நாட்டு வேலைக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டு, பழைய வழக்கு ஒன்றால் பயணம் தடைப்பட்டால் குடும்பம் என்ன ஆகும்? ஆகையால் ஒப்புக்கொள்வதா, எதிர்த்து வாதாடுவதா, சமரசம் செய்வதா என்பதை வக்கீலிடம் கேட்டுத் தெளிந்தபிறகே சொல்லுங்கள்.

மறுபடி எழுந்து நின்றார்

சிதம்பரம் பிள்ளை தம் சன்னதைத் திரும்பக் கேட்டு மனுச் செய்தார். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி அதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். எந்த ஆட்சி அவரைச் செக்கில் பூட்டியதோ, அதே ஆட்சியின் நீதிபதி ஒருவர் செய்த நன்மை அது. சிதம்பரம் பிள்ளை அதை மறக்கவில்லை. தம் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். பகைமையை மனத்தில் வளர்க்காமல், நன்மையை நன்மையென்று ஒப்புக்கொண்ட அந்தப் பெருந்தன்மைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதன்பின் கோவில்பட்டியிலும், கடைசியாகத் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் செய்தார். பழைய வருமானம் வரவில்லை. தமிழ் நூல்களை ஆராய்வதிலும் பதிப்பிப்பதிலும் மிஞ்சிய காலத்தைச் செலவிட்டார். 1936 நவம்பர் 18-ஆம் நாள், தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் ஆபீசில் உயிர் நீத்தார். வயது அறுபத்து நான்கு. அவர் எழுதிவைத்த உயிலிலே, தாம் இன்னின்னாருக்குக் கொடுக்கவேண்டிய கடன்களைக் குறித்து வைத்திருந்தார். செல்வம் என்று சொல்லத்தக்கது மிகுதியாக ஒன்றும் இல்லை.

இன்று உங்களுக்கு உள்ளது

ஒட்டப்பிடாரத்து ஏழைக்கு அன்று கிடைத்தது ஒரு மனிதரின் இரக்கம். இன்று உங்களுக்குக் கிடைத்திருப்பது உரிமை. 1976-இல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வறுமையால் யாருக்கும் நீதி மறுக்கப்படலாகாது, இலவசச் சட்ட உதவி தரவேண்டும் என்பது அதன் கருத்து. 1979-இல் பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி வாடிய கைதிகளின் வழக்கிலே, ஏழைக்கு வக்கீல் வைத்துக்கொடுப்பது நியாயமான விசாரணையின் பகுதி என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது. 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தச் சட்டப்படி இலவச வக்கீல் யாருக்கு உண்டு? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உண்டு. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு உண்டு. ஊனமுற்றோர்க்கும், ஆலைத் தொழிலாளர்க்கும் உண்டு. காவலில் வைக்கப்பட்ட எவருக்கும் உண்டு. இவர்களுக்கு வருமானக் கணக்குப் பார்ப்பதில்லை. பீடி சுற்றும் தாயானாலும், வாத்தியாரம்மாவானாலும், பெண் என்ற ஒன்றே போதும். மற்றவர்களுக்கு அரசு வகுத்த வருமான வரம்புக்குள் இருந்தால் உண்டு. மாவட்டக் கோர்ட்டிலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகாக் கோர்ட்டுகளில் வட்டக் குழு இருக்கிறது. நேரே போய் மனுக் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். தொலைபேசியில் 15100 என்ற எண்ணைக் கூப்பிட்டும் கேட்கலாம். அங்கே நியமிக்கப்படும் வக்கீல் உங்களிடம் பணம் கேட்கலாகாது. கேட்டால் குழுவிடமே முறையிடலாம்.

சம்மன் வந்தால் என்ன செய்வது? எந்தக் கோர்ட்டு, என்ன வழக்கு எண், எந்தத் தேதி என்று மூன்றையும் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்னே வக்கீலைப் பாருங்கள். ஊரிலே பேசி முடித்தது கோர்ட்டிலே முடிந்ததாகாது. சிறு அடிதடி போன்ற சில வழக்குகளில் சமரசத்தைச் சட்டமே அனுமதிக்கிறது. மக்கள் நீதிமன்றத்திலும் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கோர்ட்டு பதிவு செய்தால்தான் வழக்கு முடியும். அதுவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

வாரண்டு வந்துவிட்டால்? ஓடாதீர்கள். வாரண்டு காலத்தால் தானே செத்துப்போவதில்லை. நிறைவேற்றப்படும்வரை, அல்லது அதைப் பிறப்பித்த கோர்ட்டு ரத்து செய்யும்வரை அது உயிரோடிருக்கும். வக்கீலுடன் நீங்களாகவே கோர்ட்டுக்குப் போய், வராததற்குக் காரணத்தைச் சொல்லி, வாரண்டை ரத்து செய்ய மனுக் கொடுப்பதே வழி. பிடித்துக்கொண்டு வரப்பட்டவனுக்கும், தானாக வந்து நிற்கிறவனுக்கும் மாஜிஸ்திரேட்டின் கண்ணில் வித்தியாசம் உண்டு. சில வாரண்டுகளில், ஜாமீன் கொடுத்தால் விட்டுவிடலாம் என்று எழுதியே இருக்கும். அதைப் படித்துப் பாருங்கள்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்லவேண்டும். பயண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். வக்கீலைக் கலந்துகொள்ள விடவேண்டும். இவை அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு தந்த உரிமைகள். வெற்றுத் தாளில் எவர் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஜாமீனில் விடத்தக்க குற்றமானால் ஜாமீன் உங்கள் உரிமை. ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழையை, ஒரு வாரத்துக்குமேல் அதற்காகவே அடைத்துவைக்காமல், சொந்தப் பொறுப்பில் எழுதி வாங்கிக்கொண்டு விடவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. மாஜிஸ்திரேட் முன் நின்றதும், எனக்கு வக்கீல் இல்லை, இலவச வக்கீல் வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். கோர்ட்டு வராந்தாவில் சுற்றும் தரகரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சம்மன் வந்த வீட்டை நாம் எப்படிப் பார்க்கிறோம்? சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதைத் தமக்கே செய்ததாக எண்ணுவேன் என்றார் நம் ஆண்டவர். நாமோ, சிறைக்குப் போகாதவன் வீட்டுக்குக்கூட, ஒரு காகிதம் வந்ததற்காகப் போவதை நிறுத்திவிடுகிறோம். அந்தத் தாய் காகிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்தது சட்டத்துக்குப் பயந்து அல்ல; நம் நாவுக்குப் பயந்து. அவளுடைய மகன் வாய்தாவைத் தவறவிட்டதில் நமக்கும் பங்கு இல்லையா?

சிதம்பரம் பிள்ளையைப்போல எழுந்து வாதாட நம் எல்லாராலும் முடியாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரோடு கோர்ட்டுக்குப் பஸ் ஏறிப் போக முடியும். காகிதத்தை வாங்கி, நிறுத்தி நிதானமாகப் படித்துக்காட்ட முடியும். சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிற கட்டடத்தின் படிவரை கூட நடக்க முடியும். உங்கள் வீட்டில் படத்துக்குப் பின்னால் அப்படி ஒரு காகிதம் இருந்தால், நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே அதை வெளியே எடுங்கள்.